சோப்புப் போட்ட கதை

பூந்தொட்டிக்குள் மைக் வைப்பார்கள், பேனாவுக்குள் கேமரா வைப்பார்கள், சினிமாவில் பார்த்திருக்கிறோம். சோப்புக்குள் உளவாளியை வைத்த கதை தெரியுமா உங்களுக்கு? ஜேம்ஸ் பாண்டுக்குக்கூடத் தோன்றாத இந்த ஐடியா, வங்கதேசத்துக் கிராம வீடுகளில் நிஜமாகவே அரங்கேறியது.

ஜனங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா, இல்லையா என்று ஆராய்ச்சியாளர்களுக்குத் தீராத சந்தேகம். வாயால் கேட்டுப் பிரயோஜனமில்லை. ‘நீங்க தினமும் பல் தேய்ப்பீங்களா சார்?’ என்று உங்களை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதேதான். எனவே அசைவைப் பதிவு செய்யும் குட்டி சென்சார் ஒன்றைச் சோப்புக்குள் புதைத்து வீடுகளில் கொடுத்தார்கள். யார் சோப்பைத் தூக்கினாலும் கணக்கு ஏறும். பிறகு ஒருநாள், நோட்டுப் புத்தகமும் கையுமாக ஓர் ஆளை அனுப்பி, வீட்டிலேயே ஐந்து மணி நேரம் உட்காரவைத்தார்கள்.

2010-ல் ரிசல்ட் வெளிவந்தது. நோட்டுக்காரர் வந்து உட்கார்ந்த அன்றைக்கு மட்டும் சோப்பின் நடமாட்டம் 35 சதவீதம் அதிகம்! சம்பந்தி வருகிறார் என்றதும் பீரோவிலிருந்து புது பெட்ஷீட் வெளியே வருமே, அந்தக் கதைதான். அந்த வீட்டில் உண்மை பேசிய ஒரே ஜீவன் சோப்பு.

‘பாவம், கிராமத்து ஜனங்க, அவங்களுக்கு என்ன தெரியும்’ என்று உச்சுக்கொட்ட ஆரம்பித்திருப்பீர்களே? நாக்கை அப்படியே நிறுத்துங்கள். அடுத்த ஸ்டாப், இங்கிலாந்து.

நெடுஞ்சாலை ஓரத்தில் கார்கள் இளைப்பாறும் இடம். அங்குள்ள கழிப்பறைகளில் உள்ளே போனவர்கள் எத்தனை பேர், சோப்பைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று சென்சார் வைத்து எண்ணினார்கள். கிட்டத்தட்ட 2 லட்சம் பேர். குழாயில் தண்ணீர், பக்கத்திலேயே சோப்பு, எல்லாம் ஓசி. சோப்பைத் தொட்ட பெண்கள் 64 சதவீதம். ஆண்கள்? 32. அதாவது மூன்று துரைமார்களில் இரண்டு பேர் கழிப்பறைக் கதவைத் திறந்த அதே கையோடு போய் சாண்ட்விச்சைப் பிரித்திருக்கிறார்கள்.

சரி, வாசலில் ஏதாவது எழுதி வைத்தால் திருந்துகிறார்களா பார்ப்போம் என்று விதவிதமான வாசகங்களை மின் பலகையில் ஓடவிட்டார்கள். அருவருப்பூட்டும் வரி ஆண்களிடம் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆண், பெண் இரண்டு பக்கமும் எடுபட்டது ஓர் அப்பாவிக் கேள்வி: உங்கள் பக்கத்தில் நிற்பவர் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா? ஆக, நம் பாட்டிமார்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’வுக்கு இங்கிலாந்தில் விஞ்ஞான அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

கழுவாத கை எல்லா ஊரிலும் உண்டு என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் உபதேசம் மட்டும் எப்போதும் ஒரே ரூட்டில்தான் ஓடும், கோட்டுப் போட்டவரிடமிருந்து கோவணம் கட்டியவருக்கு. அதனால் கோட்டுப் போட்டவர்களின் கையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிடுவோம்.

வியன்னா பொது மருத்துவமனை, 1840-கள். பிரசவத்துக்கு இரண்டு வார்டுகள். முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவதில் வெறும் மருத்துவச்சிகள். எந்த வார்டில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள் என்கிறீர்கள்? டாக்டர் வார்டில்தான். இது டாக்டர்களுக்கு உறைப்பதற்கு முன்பே ஊர்ப் பெண்களுக்கு உறைத்துவிட்டது. முதல் வார்டு என்று சொன்னதுமே மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சில பேர் வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். அப்படிப் பெற்றவர்களுக்குப் பிரசவ ஜுரம் அவ்வளவாக வரவில்லை. ஐரோப்பாவின் பெரிய பெரிய டாக்டர்களைவிட வியன்னாவின் தெருப் புழுதி சுத்தமாக இருந்திருக்கிறது!

இந்த மர்மத்தைத் துப்பறியக் கிளம்பியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிக்காரர். (பெயரிலேயே செம்மல். பட்டம் கொடுக்கும் வேலை நமக்கு மிச்சம்.) 28 வயது உதவி டாக்டர். முதலில் அவர் சந்தேகப்பட்டது பாதிரியாரை. சாகக் கிடப்பவர்களுக்காக வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டே வார்டு வழியாகப் போவார். அந்தச் சத்தம் கேட்ட பயத்தில்தான் மற்றவர்களும் சாகிறார்களோ? மணியடிக்காமல் சுற்றுவழியில் போகச் சொன்னார். பாதிரியார் சுற்றிப் போனார். சாவு நேர்வழியிலேயே வந்தது.

1847 மார்ச்சில் செம்மல்வைஸின் நண்பர் கோலெட்ஷ்கா செத்துப்போனார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. பார்த்தால், தாய்மார்கள் செத்த அதே மாதிரிச் சாவு. செம்மலுக்குப் பொறி தட்டியது. நம் டாக்டர்களின் டெய்லி ஷெட்யூல் என்ன? காலையில் பிணவறை. அங்கிருந்து நேரே பிரசவ வார்டு. நடுவில் கை கழுவுவது பேருக்கு. கையில் பிண வாடை அடித்தால்? அடிக்கட்டுமே, அதுதான் அனுபவசாலி என்பதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை! ரத்தம் காய்ந்து விறைத்த கோட்டை அந்தக் காலத்து சர்ஜன்கள் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

மே மாத நடுவில், வார்டு வாசலில் குளோரின் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரை வைத்து, கையை இதில் கழுவாமல் எவரும் உள்ளே போகக்கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் 2.2. ஒரு தொட்டித் தண்ணீர் செய்த வேலை!

மாலை மரியாதை, சிலை, தபால்தலை என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் அவர் செத்த பிறகுதான். உயிரோடு இருக்கும்போது கிடைத்தது முறைப்பு. பின்னே? ‘தாய்மார்களைக் கொன்றது ஜுரம் இல்லை, உங்கள் கை’ என்று கனவான்களிடம் சொன்னால் கைதட்டுவார்களா? கனவான் கை எப்படி ஐயா அழுக்காக இருக்கும்?

நம் ஹீரோவும் லேசுப்பட்டவர் இல்லை. கண்டுபிடித்ததை உடனே அழகாக எழுதி வெளியிட்டிருக்கலாம். புத்தகம் போட 14 வருடம் எடுத்துக்கொண்டார். 1861-ல் அது வந்ததும் பெரிய பெரிய புரொபசர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, ‘கொலைகாரர்களே’ என்கிற ரேஞ்சில் ஏசினார். நள்ளிரவில் ஃபேஸ்புக்கில் கொந்தளிக்கிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பாரே, அந்த டைப். கை கழுவச் சொன்னவரை டாக்டர்கள் மொத்தமாகக் கை கழுவினார்கள். 1865-ல் மனநல விடுதியில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டே வாரம். காயம் ஒன்று சீழ்பிடித்து, ரத்தம் விஷமாகி இறந்தார். எந்தச் சாவிலிருந்து தாய்மார்களைக் காப்பாற்றினாரோ, கிட்டத்தட்ட அதே சாவு. 47 வயது.

செம்மலின் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. தெரியாமல்போன வித்தை ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் ஒருவரிடம் காரியம் ஆகவேண்டுமானால் என்ன செய்வோம்? கொஞ்சம் சோப்புப் போடுவோம். மனுஷன் குளோரின்தான் போட்டார்.

இந்த வித்தை யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. உலகமெங்கும் சிறு விவசாயிகளுக்குக் கிடைத்தது லெக்சர்தான். ஜீப்பில் வருவார்கள். கிருமியைப் பன்றி சைஸுக்கு வரைந்த படத்தை மரத்தில் மாட்டுவார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத பூச்சி உங்கள் கையில் கோடிக்கணக்கில் இருக்கிறது.’ விவசாயி மரியாதைக்குத் தலையாட்டுவார். மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? ‘கண்ணுக்குத் தெரியிற பூச்சிக்கே மருந்தடிக்கக் காசில்லை, இதில் இது வேறயா!’

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வயலில் நின்றுவிட்டு வந்த கையில் மண் இருந்தால் அது அழுக்கா என்ன? மண் தெரிந்தால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார், போய்விடும். அப்புறம் சோப்பு எதற்கு? நம்மையே எடுத்துக்கொள்வோம். ‘கை கால் கழுவிட்டு வாடா’ என்று அம்மா கத்தினால் குழாயடியில் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடி வந்தவர்கள்தானே நாம்? மீன் குழம்பு சாப்பிட்டு முடித்த பிறகு மட்டும் ‘சோப்பு எங்கே, சோப்பு எங்கே’ என்று வீட்டையே புரட்டுவோம். கிருமியோடு சாப்பிடலாம். மீன் வாசத்தோடு ஆபீஸ் போகலாமா?

இப்போது ஜிம்பாப்வே. அங்கே சிறு விவசாயிகளின் சாப்பாடு சட்ஸா, அதாவது மக்காச்சோளக் களி. நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கையால்தான் உருட்டிச் சாப்பிடவேண்டும். சாப்பிடுமுன் கை கழுவும் வழக்கமும் அங்கே பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உண்டு. ரொம்ப நல்லதாயிற்றே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் எங்கிருந்தோ தலையில் சுமந்து வரவேண்டிய சமாச்சாரம். அதனால் ஒரே ஒரு கிண்ணத் தண்ணீர், அதில் எல்லோரும் வரிசையாகக் கை முக்குவார்கள். மரியாதைப்படி பெரியவர்கள் முதலில். தாத்தா முக்கி, சித்தப்பா முக்கி, மாமா முக்கி, கடைசிப் பொடியனிடம் கிண்ணம் வரும்போது அதில் இருப்பது தண்ணீர் இல்லை, குடும்ப வரலாறு.

இதற்கு ஒரு மாற்று சுரைக்குடுக்கையில் வந்தது. சிவேஷி என்ற பகுதியில் சால்வேஷன் ஆர்மி டாக்டர் ஜிம் வாட் கொண்டுவந்த ‘டிப்பி டாப்’. பெயரைக் கேட்டு டிப்டாப்பாக ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். தொங்கவிட்ட சுரைக்குடுக்கை. சாய்த்தால் கொஞ்சூண்டு தண்ணீர் ஒழுகும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். பின்னால் குடுக்கையின் இடத்துக்கு பிளாஸ்டிக் கேன் வந்தது. கேனின் கழுத்தில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு குச்சி. குச்சியைக் காலால் மிதித்தால் கேன் தலை குனியும். பக்கத்தில் ஓட்டை போட்ட சோப்பு, கோமணக் கயிற்றில் கட்டிய சாவி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். காக்கா தூக்கிப் போகாது, மண்ணில் விழாது. 2020-ல் கொரோனா வந்தபோது ஆபீஸ் வாசல்களில் ஸ்டீல் குழாய் வைத்து, காலால் மிதிக்கும் பெடல் மாட்டி, ‘டச்லெஸ் டெக்னாலஜி’ என்று போர்டு போட்டார்களே, சிரித்திருப்பார் சுரைக்குடுக்கைக்காரர்.

குடுக்கை வந்தால் போதுமா, மிதிக்க ஆள் வேண்டாமா? இங்கேதான் ஜூலியட் வாட்டர்கீன் என்ற பெண்மணி வருகிறார். (பெயரிலேயே வாட்டர். இந்தத் துறைக்கு ஆள் எடுப்பதே பெயர் பார்த்துத்தான் போலிருக்கிறது.) 1990-களின் நடுவில் மகோனி மாவட்டத்தில் அவர் ஆரம்பித்தது, கிராமத்துக்குக் கிராமம் ஒரு சுகாதார மன்றம். ஆமாம், மன்றம். நம் ரசிகர் மன்றம் மாதிரியே உறுப்பினர் அட்டை! வாரம் ஒரு கூட்டம், ஆறு மாதம், சுமார் 20 பாடங்கள். பாடம் முடிந்தால் வீட்டில் செய்து காட்டவேண்டிய ஹோம்வொர்க். கிண்ணத்தில் முக்காமல் ஊற்றிக் கழுவுவதும் அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அட்டையில் அடையாளம் விழும். எல்லாக் கட்டமும் நிரம்பினால் பட்டமளிப்பு விழா, கையில் சர்ட்டிபிகேட்.

மொபைலில் மொழி கற்றுத்தரும் ஆப்பில் ஒருநாள் தவறினால் ‘ஸ்ட்ரீக்’ போய்விடுமே என்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு எழுந்து உட்காருபவர்களுக்கு இந்த அட்டையின் மகிமை புரியும். பக்கத்து வீட்டுக்காரியின் அட்டையில் பத்து அடையாளம், நம்முடையதில் ஒன்பது என்றால் தூக்கம் வருமா? மன்றத்தில் பெரும்பாலும் பெண்கள். மக்காச்சோளம் விதைத்து, களை எடுத்து, தண்ணீர் சுமந்த நேரம் போக மிச்ச நேரத்தில் இதையும் செய்தார்கள். இரண்டே வருடத்தில் மகோனியில் 2,400 கழிப்பறைகள் எழுந்தன. கிருமிக்குப் பயந்து கட்டியவை எத்தனை, அட்டைக்காகக் கட்டியவை எத்தனை என்று கழிப்பறைக்குத்தான் தெரியும்.

இந்த சூட்சுமத்தைச் சுத்தமாக சினிமா பாணியில் செய்து காட்டியது நம் பக்கத்து வீடு, சித்தூர் மாவட்டம். வேலூரிலிருந்து கூப்பிடு தூரம். நிலக்கடலை, கரும்பு, தக்காளி, மாங்காய் என்று சின்னச் சின்ன காடுகளை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்திருக்கும் ஊர்கள். 2011-ல் அங்கே 14 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினார்கள். கழிப்பறை போய்வந்த பிறகு, குழந்தைக்குக் கழுவிவிட்ட பிறகு, சாப்பாட்டைத் தொடுமுன் என்று முக்கியமான நேரங்களில் சோப்பு உபயோகிப்பது எத்தனை சதவீதம் என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

ஒன்று. அல்லது இரண்டு. அதுவும் நோட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே!

சோப்பு இல்லாத குறையா? குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் விளக்க என்று விதவிதமாக இருந்தது. கைக்குத்தான் யாரும் அதை அறிமுகம் செய்துவைக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் மூளைகளில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த வேலரி கர்ட்டிஸ். அவருடைய ஆராய்ச்சிப் பாடம் என்ன தெரியுமா? அருவருப்பு. ‘உவ்வே’ என்று மனுஷன் எதற்கெல்லாம் முகம் சுளிக்கிறான் என்பதில் உலக நிபுணராக இருந்தவர். இதற்கெல்லாம் சம்பளம் உண்டா என்று பொறாமைப்படாதீர்கள். பெங்களூரு விளம்பரக்காரர்களோடு கூட்டணி போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கிருமி, வயிற்றுப்போக்கு, நோய் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. லெக்சர் கட்!

அதற்குப் பதில் இரண்டு கேரக்டர்கள். ஒன்று, லட்டு லிங்கம். நாடகத்தில் வரும் காமெடி வில்லன். கை கழுவுவதே கிடையாது. மண்ணையும் புழுவையும் சேர்த்துப் பிசைந்து லட்டு பிடிப்பான். அன்றைக்குத் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது; லட்டு விளையும் மண்ணில் வந்து லட்டிலேயே கைவைத்த தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆள் மேடையில் உருட்ட உருட்ட, கூட்டம் சிரிக்கும், வயிறு புரட்டும். அந்தப் புரட்டல்தான் பாடம்.

இன்னொன்று, சூப்பர் அம்மா. கார்ட்டூன் படம். பறக்கமாட்டாள், சுவர் ஏறமாட்டாள். சாதாரணக் கிராமத்துத் தாய், பையனுக்கு நல்ல பழக்கம் சொல்லி வளர்க்கிறாள், அதில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் ஒன்று. பையன் முன்னுக்கு வருகிறான். அவ்வளவுதான் கதை. எம்.ஜி.ஆர். படத்தில் பாதி இதுதானே! ஆனால் பார்க்க உட்கார்ந்த ஒவ்வொரு தாயின் மனசிலும் ஓடிய வசனத்தை யாரும் எழுதித் தரவேண்டியிருக்கவில்லை: ‘நான் மட்டும் என்னவாம்?’

அதோடு விடவில்லை. ஊர் கூடி நிற்க, ‘நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்’ என்று பெண்கள் உறுதிமொழி எடுத்தார்கள். எடுத்தவர்களின் பெயர்கள் பொது இடத்தில் பலகையேறின. கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற மண்ணில், பெயர் போட்ட பலகைக்கு என்ன மதிப்பு என்று விளக்கவேண்டியதில்லை. நாளைக்கே மாமியார் கேட்பார், ‘பேரு மட்டும் அங்க எழுதியிருக்கு, கை இப்படியிருக்கு?’

ஆக மொத்தம் இது என்ன? சோப்புப் போடுவது! வியன்னாக்காரருக்கு வராத கலை.

ஆறு வாரம் கழித்துப் போய் எண்ணினால், நாடகம் பார்த்த ஊர்களில் 19 சதவீதம், பார்க்காத ஊர்களில் 4. ஆறு மாதம் கழித்து 37-க்கு 6. இதில் அதிசயம், கூத்து முடிந்து கொட்டகையைப் பிரித்த பிறகும் கணக்கு ஏறியது. பிறகு மற்ற ஊர்களுக்கும் ஒரு சுருக்கமான ஷோ காட்டினார்கள். ஒரு வருடம் கழிந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் 29. கொஞ்சம் சறுக்கல்தான், ஒத்துக்கொள்ளவேண்டும். லட்டு லிங்கமும் மனுஷன்தானே, ஒரே லட்டை எத்தனை நாளைக்குப் பிடிப்பான்?

‘வெறும் 37-க்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று கோட்டுக்காரர்கள் யாராவது மூக்கைச் சுருக்கினால், 2009-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைச் சுத்த வழிகாட்டியைக் கையில் கொடுங்கள். (கழுவிய கையா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.) டாக்டர்கள், நர்ஸுகள் என்று மருத்துவமனைக்காரர்கள், கழுவவேண்டிய நேரத்தில் கை கழுவுவது சராசரியாக எவ்வளவு என்று அதில் இருக்கிறது. வார்டில் குழாய் உண்டு, திரவம் உண்டு, சுவர் முழுக்க போஸ்டர் உண்டு. 38.7 சதவீதம்!

அளந்த முறை வேறு, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று புள்ளிவிவரக்காரர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். சித்தூர்ப் பெண்களுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் 1.7 என்பதை நான் விடுவதாக இல்லை.

ஊர் உலகத்துக்கெல்லாம் 2008 முதல் அக்டோபர் 15, உலகக் கைகழுவும் நாள். மருத்துவமனைக்காரர்களுக்கு அது போதவில்லை. வியன்னா வார்டு வாசலில் தொட்டி வைத்து 162 வருடம் கழித்து, 2009-ல், அவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் குறித்தார்கள். மே 5. இன்னும் பத்து நாள் தள்ளி வைத்திருந்தால் செம்மலின் தொட்டிக்கே பிறந்தநாள் கொண்டாடியிருக்கலாம்.